மெடிக்கல் கிளியரன்ஸ் என்ன கேட்கிறது?

2024 ஜனவரியில் நான் உகாண்டாவில் இருந்திருக்க வேண்டும். வட உகாண்டாவில் குளு என்று ஒரு நகரம், தலைநகர் கம்பாலாவிலிருந்து சுமார் 330 கிலோமீட்டர். அங்கிருந்து இன்னும் உள்ளே தள்ளி ஒரு கிராமப் பள்ளிக்கூடம். குடிநீர், கழிப்பறை, கைகழுவும் பழக்கம் இதையெல்லாம் பிள்ளைகளோடும் பெற்றோரோடும் சேர்ந்து சரிசெய்யும் ஒரு வருஷத் தன்னார்வப் பணி. எம்.எஸ்.டபிள்யூ. முடித்த கையோடு விண்ணப்பித்தேன், இன்டர்வியூவில் தேர்வும் ஆகிவிட்டேன். சொந்தக்காரங்க எல்லாருக்கும் சொல்லியாச்சு. பெட்டிகூட வாங்கியாச்சு.

போகவில்லை. மெடிக்கல் கிளியரன்ஸ் கிடைக்கவில்லை.

அடுத்த பத்து மாதம் எனக்கு ஒரே வேலை, மாத்திரை சாப்பிடுவதும் இதைப் பற்றிப் படிப்பதும்தான். முதலில் நான் கோபப்பட்ட விஷயங்களில் பலவற்றுக்கு நியாயமான காரணம் இருந்தது. சிலவற்றுக்கு இல்லை. எது எது என்று பிரித்துப் பார்க்கத்தான் இந்தக் குறிப்பு. வெளிநாட்டுத் தன்னார்வப் பணிக்குப் போக நினைக்கிற யாருக்காவது உதவலாம்.

பாசிட்டிவ் என்று வந்த நாள்

2023 ஆகஸ்டில் பதினான்கு பக்கத்துக்கு ஒரு படிவம் அனுப்பினார்கள். பல், கண், ரத்தம், எக்ஸ்ரே, தடுப்பூசி விவரம், அப்புறம் டி.பி. பரிசோதனை. டி.பி.க்கு மான்டூ ஊசி வேண்டாம், ஐ.ஜி.ஆர்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனைதான் வேண்டும் என்று குறிப்பிட்டிருந்தார்கள்.

இதற்குக் காரணம் இருக்கிறது. நம்ம ஊரில் பிறந்ததும் குழந்தைக்கு பி.சி.ஜி. தடுப்பூசி போட்டுவிடுகிறோம். மான்டூ ஊசியைக் கையில் போட்டு 48 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் வீக்கத்தை அளக்கிறார்கள். அந்த வீக்கம் உண்மையான டி.பி. கிருமியால் வந்ததா, பழைய பி.சி.ஜி.யால் வந்ததா என்ற குழப்பம் இருக்கும். ஐ.ஜி.ஆர்.ஏ.வில் பி.சி.ஜி. குழப்பம் கிடையாது.

எனக்கு பாசிட்டிவ். இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, எடை குறையவில்லை, எக்ஸ்ரே சுத்தம். இதற்கு லேட்டன்ட் டி.பி. என்று பெயர். கிருமி உடம்புக்குள் வந்திருக்கிறது, உடம்பு அதை அடக்கி வைத்திருக்கிறது. இந்த நிலையில் நான் யாருக்கும் பரப்ப முடியாது.

எனக்கு மட்டும் வந்த விஷயமும் இல்லை இது. உலக மக்கள்தொகையில் சுமார் கால்வாசிப் பேருக்கு டி.பி. தொற்று இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. இந்தியாவில் 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய டி.பி. கணக்கெடுப்பில், 15 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 31 சதவீதம் பேருக்குத் தொற்று இருந்தது. உங்க தெருவில் மூணு பேரை நிறுத்தினா ஒருத்தருக்கு இருக்கலாம்.

எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று அந்தப் பரிசோதனை சொல்லாது. எங்க வீட்டில் தாத்தாவுக்கு 2006ல் டி.பி. வந்தது. எனக்கு அப்போ ஏழு வயசு. வாரத்துக்கு மூணு நாள் சைக்கிளில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், அங்கே ஊழியர் கண் முன்னால் மாத்திரையை விழுங்கிவிட்டு வருவார். அப்போ அரசாங்கத் திட்டம் அப்படித்தான். ஆறு மாசத்தில் குணமாகிவிட்டார். அவர் மடியில் உட்கார்ந்துதான் நான் எழுத்துக்கூட்டிப் பேப்பர் படித்தேன். அவரிடமிருந்து வந்திருக்கலாம். காலேஜ் பஸ்ஸில் பக்கத்தில் நின்ற யாரிடமிருந்தோ வந்திருக்கவும் வாய்ப்பு உண்டு.

அம்மா ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டு முதலில் சொன்னது, "சித்திகிட்ட சொல்லாதே. யாராவது கேட்டா விசா லேட்டுன்னு சொல்லு." கல்யாண வயசில் இருக்கிற பெண்ணுக்கு டி.பி. என்ற வார்த்தை ஒட்டிக்கொள்ளக் கூடாது. அது அவங்க பயம்.

நோயில்லாதவளை ஏன் நிறுத்தினார்கள்?

"யாருக்கும் பரவாது, எனக்கு ஒண்ணுமே இல்லை, அப்புறம் எதுக்கு நிறுத்தி வைக்கறீங்க?" இதைத்தான் நான் கொஞ்சம் மரியாதையான வார்த்தைகளில் அவர்களுக்கு எழுதினேன். மூன்று வரியில் பதில் வந்தது: சிகிச்சை முடித்து சான்றிதழ் அனுப்பவும், அதுவரை ஒத்திவைப்பு. விளக்கம் எதுவும் இல்லை. விளக்கத்தை நானே தேடிக்கொண்டேன்.

முதல் காரணம், அடங்கியிருக்கும் கிருமி எழுந்துகொள்ளும் சாத்தியம். லேட்டன்ட் டி.பி. உள்ளவர்களில் வாழ்நாளில் 5 முதல் 10 சதவீதம் பேருக்கு அது நோயாக மாறும். தொற்று வந்த முதல் இரண்டு வருஷத்தில்தான் ஆபத்து அதிகம். எனக்கு எப்போ தொற்றியது என்று யாருக்கும் தெரியாததால், அந்த இரண்டு வருஷத்துக்குள் நான் இல்லை என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. போகும் இடமோ பள்ளிக்கூடம். அங்கே போய் நோய் கிளம்பினால், வகுப்பில் பிள்ளைகளுக்கு நடுவில் நின்று இருமப்போவது நான்தான். உகாண்டாவும் நம்மைப் போலவே டி.பி. அதிகம் உள்ள 30 நாடுகளின் பட்டியலில் இருக்கிறது. அவர்களுக்கு இன்னொரு இருமல் இறக்குமதி தேவையில்லை.

இரண்டாவது காரணம், மாத்திரைகளுக்குள் நடக்கும் சண்டை. இதை நான் யோசித்தே பார்த்ததில்லை. உகாண்டாவில் மலேரியா உண்டு. அங்கே போகிறவர்கள் இருக்கும் நாள் முழுக்கத் தடுப்பு மாத்திரை சாப்பிட வேண்டும். அடோவாகுவோன்-புரோகுவானில், டாக்சிசைக்ளின், மெஃப்ளோகுவின் என்று சில மருந்துகள் இருக்கின்றன. லேட்டன்ட் டி.பி.க்குக் கொடுக்கும் மருந்துகளில் முக்கியமான ஒன்று ரிஃபாம்பிசின். இது கல்லீரலைத் தட்டி எழுப்பி, மற்ற மருந்துகளை வழக்கத்தைவிட வேகமாக உடைத்துப்போட வைக்கும். மேலே சொன்ன மூன்று மலேரியா மருந்துகளின் அளவும் ரத்தத்தில் குறைந்துபோகும். மாத்திரை சாப்பிடுகிறோம் என்ற தைரியம் இருக்கும், பாதுகாப்பு இருக்காது. அங்கே போய் டி.பி. மாத்திரை சாப்பிட்டுக்கொள்கிறேன் என்று நான் எழுதியிருந்தது எவ்வளவு அபத்தம் என்று அப்போதுதான் உறைத்தது.

மூன்றாவது காரணம் எனக்கு அனுபவத்திலேயே புரிந்தது.

236

செப்டம்பரில் ஐசோனியாசிட் ஆரம்பித்தேன். தினமும் ஒன்று, ஆறு மாசம். கூடவே நரம்பு பாதிக்காமல் இருக்க பி6. மாதம் ஒருமுறை கல்லீரல் பரிசோதனை. மார்ச் வரை போகும் என்பதால் ஜனவரிப் பயணம் ஏற்கெனவே போச்சு. ஏப்ரலில் போகலாம், அதுவரை இடத்தை வைத்திருக்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள்.

நவம்பரில் எஸ்.ஜி.பி.டி. 236 வந்தது. எங்க லேபில் இயல்பான உச்ச அளவு 40. ஐசோனியாசிட் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும். வாந்தி, பசியின்மை மாதிரி அறிகுறியோடு மூன்று மடங்குக்கு மேல் போனாலோ, அறிகுறி இல்லாமலே ஐந்து மடங்குக்கு மேல் போனாலோ மருந்தை நிறுத்த வேண்டும் என்பது பொதுவான விதி. எனக்கு அறிகுறியே இல்லை. அன்றைக்குக் காலையில்கூட நாலு இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் லேபுக்குப் போனேன்.

"ஒண்ணும் பயப்படாதம்மா, நிறுத்தினா இறங்கிடும்" என்றார் டாக்டர். ரிப்போர்ட்டை மடித்துக் கொடுத்தபடி, "ஆனா இந்த டெஸ்ட் எடுக்காம விட்டிருந்தா உனக்குத் தெரிஞ்சே இருக்காது" என்றார்.

அதுதான் மூன்றாவது காரணம். மாதம் ஒரு ரத்தப் பரிசோதனை என்பது திண்டுக்கல்லில் எனக்கு ஆட்டோவில் பத்து நிமிஷ வேலை. சாயங்காலம் வாட்ஸப்பில் ரிப்போர்ட் வந்துவிடும். நான் போக இருந்த கிராமத்திலிருந்து குளுவுக்கு வரவேண்டும். அங்கே நல்ல மருத்துவமனைகள் இருக்கின்றன, ஆனால் மழைக்காலத்தில் அந்த ரோட்டில் வண்டி போகாது என்று அவர்கள் அனுப்பிய குறிப்பிலேயே இருந்தது. 236 என்ற எண்ணை அங்கே யார் எனக்குச் சொல்லியிருப்பார்கள்?

இந்த இடத்தில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. மெடிக்கல் கிளியரன்ஸ் என்றால் "நீ ஆரோக்கியமா இருக்கியா?" என்று கேட்கிற பரீட்சை என்று நினைத்திருந்தேன். அதனால் ஒத்திவைப்பு என்றதும் ஃபெயில் ஆன மாதிரி அவமானமாக இருந்தது. அவர்கள் கேட்கும் கேள்வி வேறு: உன் உடம்புக்கு அடுத்த ஒரு வருஷத்தில் என்ன தேவைப்படலாம், அது அந்த ஊரில் கிடைக்குமா? பாதிக் கேள்வி என்னைப் பற்றி, பாதி அந்த ஊரைப் பற்றி.

இப்படிப் பார்த்தால் பல விஷயம் விளங்கும். சென்னையில் இன்சுலின் போட்டுக்கொண்டு நிம்மதியாக வேலை பார்க்கிற ஒருவருக்கு, கரண்டும் ஃபிரிட்ஜும் இல்லாத கிராமத்தில் கிளியரன்ஸ் கிடைப்பது கஷ்டம். சிறுநீரகக் கல் வந்து போனவருக்கு வெயிலும் தண்ணீர்ப் பஞ்சமும் உள்ள இடம் ஆகாது. மன அழுத்தத்துக்குச் சிகிச்சை எடுத்தவருக்கு மெஃப்ளோகுவின் கொடுக்கக் கூடாது. மனநலப் பக்கவிளைவுகளும் நரம்புப் பக்கவிளைவுகளும் வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013ல் அந்த மருந்துக்குக் கடுமையான எச்சரிக்கையே போட்டது. ஆனால் அவர் வேறு மாத்திரை சாப்பிடலாம், அல்லது மலேரியா இல்லாத நாட்டுக்குப் போகலாம். ஊரை மாற்றினால் பதிலும் மாறும்.

காரணம் இல்லாத மறுப்பும் உண்டு

இதற்காக எல்லா மறுப்பும் நியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. அமெரிக்காவின் பீஸ் கார்ப்ஸ் 1961ல் கென்னடி தொடங்கியது. அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டுமானது, பயிற்சியையும் சேர்த்து 27 மாதம். 2008ல் உக்ரைனில் பணியிலிருந்த ஒரு தன்னார்வலருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்ததும் அவரைத் திருப்பி அழைத்துப் பணியையும் முடித்துவிட்டார்கள். குடியுரிமை அமைப்பு ஒன்று சட்டரீதியாகக் கேள்வி எழுப்பிய பிறகு, எச்.ஐ.வி. இருப்பது மட்டுமே ஒருவரை விலக்கப் போதாது, ஒவ்வொருவரையும் தனியாகப் பார்க்க வேண்டும் என்ற நிலைக்கு வந்தார்கள்.

நியாயமான மறுப்பையும் நியாயமில்லாததையும் பிரித்துப் பார்க்க இதுவே போதும். "உனக்கு இன்ன நோய், அதனால் முடியாது" என்றால் அது முத்திரை. "உனக்கு இன்ன மருந்து, இன்ன பரிசோதனை தேவை, அந்த ஊரில் அது இல்லை" என்றால் அதற்குப் பதில் சொல்ல முடியும், தீர்வும் தேட முடியும். எனக்கு வந்த மூன்று வரி முதல் வகை மாதிரி இருந்தது, உள்ளே இருந்த காரணம் இரண்டாவது வகை. அதை அவர்களே எழுதியிருந்தால் எனக்கு எத்தனையோ ராத்திரித் தூக்கம் மிச்சமாகியிருக்கும்.

மறைத்திருக்கலாமே?

இதை என்னிடம் மூன்று பேர் கேட்டார்கள். அதில் ஒருவர் டாக்டர். "எக்ஸ்ரே கிளியரா இருக்கு, வேற லேப்ல மான்டூ மட்டும் எடுத்து அனுப்பியிருக்கலாமே" என்றார். பொய் சொல்லட்டும், எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

இன்ஷூரன்ஸ் ஒரு பக்கம். தெரிந்த விஷயத்தை மறைத்தால், அங்கே உடம்புக்கு ஏதாவது வந்து விமானத்தில் கொண்டுவர வேண்டிய நிலை வந்தாலும் பணம் தர மறுக்கலாம். ஆனால் என்னை நிறுத்தியது அது இல்லை. பாதியில் திரும்பி வரும் தன்னார்வலர் அங்கே என்ன விட்டுவிட்டு வருகிறார் என்பதுதான். பாதி கட்டிய கழிப்பறை, "அக்கா எங்கே?" என்று கேட்கும் பிள்ளைகள், இன்னொருவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய ஒரு வருஷம்.

இதற்குப் பின்னால் இன்னொரு சங்கடமும் இருக்கிறது, அது இன்னும் எனக்குத் தீரவில்லை. எனக்கு ஆபத்து என்று ஒரு ஊரை இவ்வளவு கவனமாக அளக்கிறார்கள். அந்த ஊரிலேயே பிறந்து வாழ்கிறவர்களுக்கு யாரும் கிளியரன்ஸ் கேட்பதில்லை. 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது பீஸ் கார்ப்ஸ் உலகம் முழுவதும் இருந்த தன் சுமார் 7,000 தன்னார்வலர்களையும் மொத்தமாகத் திருப்பி அழைத்துக்கொண்டது. உள்ளூர்க்காரர்கள் எங்கே போவார்கள்? 2000ல் குளுவில் எபோலா பரவியபோது, பக்கத்து லாச்சோர் மருத்துவமனையின் டாக்டர் மேத்யூ லுக்வியா முன்னால் நின்று அதை எதிர்கொண்டார். அந்த டிசம்பரில் அதே நோயில் இறந்தும் போனார். அவரோடு வேலை செய்த நர்ஸ்களும் ஊழியர்களும் பலர் இறந்தார்கள். அது அவர்கள் ஊர். நான் விருந்தாளி. விருந்தாளியாகப் போகிறவள், அந்த ஊரின் குறைந்த மருத்துவ வசதியில் எனக்கென்று ஒரு பங்கு கேட்காமல் போவதுதான் முறை. கிளியரன்ஸுக்கு நான் கண்டுபிடித்த நல்ல காரணம் இதுதான். அதைக் கண்டுபிடித்த பிறகும், கேள்வியின் மறுபாதி, அதாவது அவர்களுக்கு யார் என்பது, அப்படியே நிற்கிறது.

சேத்துப்பட்டு

ஐசோனியாசிட்டை நிறுத்திய நாட்களில் அதன் வரலாற்றைத் தேடினேன். வந்து நின்ற இடம் சென்னை சேத்துப்பட்டு. 1956ல் அங்கே டி.பி. சிகிச்சை ஆய்வு மையம் ஒன்று தொடங்கியது. அப்போதெல்லாம் டி.பி. என்றால் சானடோரியத்தில் சேர்த்துவிடுவார்கள். நல்ல சாப்பாடு, ஓய்வு, காற்று இல்லாமல் குணமாகாது என்ற நம்பிக்கை. சேத்துப்பட்டில் ஏழை நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு சானடோரியத்திலும் மற்றதற்கு அவரவர் வீட்டிலும் ஒரே மருந்தை ஒரு வருஷம் கொடுத்தார்கள். அதில் ஒன்று ஐசோனியாசிட். 1959ல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். அவர்கள் குடும்பத்தினருக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. உலகம் முழுக்க சானடோரியங்களின் காலம் முடிய இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

நெரிசலான வீடு, போதாத சாப்பாடு, அப்படியிருந்தும் சரியான மருந்தும் கண்காணிப்பும் வீடு தேடி வந்தால் குணமாகும் என்று காட்டியது நம்ம ஊர். எங்க தாத்தா சைக்கிளில் போய்வந்து குணமானதும் அந்த வழியில்தான். ஒரு ஊர் ஒருத்தரின் உடம்பைத் தாங்குமா என்பது எப்போதைக்குமான விதி இல்லை. யாராவது உட்கார்ந்து வேலை செய்தால் அதை மாற்றலாம்.

போக நினைப்பவர்களுக்கு

நான் செய்த தப்பிலிருந்து சில குறிப்புகள்:

படிவம் வரும்வரை காத்திருக்காதீங்க. புறப்பட எட்டு மாதம் முன்பே டி.பி. பரிசோதனை, பல் டாக்டர், கண் இதையெல்லாம் முடிச்சுடுங்க. கடைவாய்ப் பல் ஒன்று பயணத்தை நிறுத்தும்.

பழைய சிகிச்சை ஏதாவது இருந்தால் அந்த டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்தின் பொதுப்பெயர், தேதி எல்லாம் ஒரே ஃபைலில் வைங்க.

கிளியரன்ஸ் வரவில்லை என்றால் மூன்று கேள்வியை எழுத்தில் கேளுங்க. இது மறுப்பா, ஒத்திவைப்பா? எந்தக் குறிப்பிட்ட காரணம், எந்தச் சான்று கொடுத்தால் மறுபடி பார்ப்பீர்கள்? வேறு நாடு, வேறு ஊர் என்றால் பதில் மாறுமா? நான் மூன்றாவதைக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால், லேப் வசதியுள்ள நகரத்தில் ஒரு இடம் கிடைத்திருக்குமோ என்னவோ.

உகாண்டா மாதிரி நாடுகளுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். அது உயிருள்ள கிருமியைப் பலவீனமாக்கிச் செய்த ஊசி, முட்டைக் கருவில் வளர்ப்பது. கடுமையான முட்டை அலர்ஜியோ நோய் எதிர்ப்புக் குறைபாடோ இருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்க.

இப்போது

டிசம்பர் கடைசியில் எஸ்.ஜி.பி.டி. 31க்கு இறங்கியது. அதற்குள் என் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டதாக மெயில் வந்துவிட்டது. அன்றைக்கு அழுதேன். 2024 ஜனவரியில், நான் விமானம் ஏறியிருக்க வேண்டிய வாரத்தில், ரிஃபாம்பிசின் ஆரம்பித்தேன். நாலு மாசம். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார், முதல் நாள் பார்த்தபோது பயமாகத்தான் இருந்தது. இந்த முறை கல்லீரல் ஒத்துழைத்தது. மே மாதம் முடித்தேன். ஜூனில் சான்றிதழோடு மறுபடி விண்ணப்பித்தேன். அதே நிறுவனம், அதே மாவட்டம், வேறு பள்ளிக்கூடம். இந்தத் தடவை கிளியரன்ஸ் வந்துவிட்டது. விசா மட்டும் பாக்கி. அம்மா இப்போ சித்தியிடம் "விசா லேட்" என்று சொன்னால் அது உண்மை.

போன வாரம் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போய் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுக்கொண்டேன். மஞ்சள் அட்டையில் முத்திரை குத்திக் கொடுத்தார்கள். முன்பெல்லாம் பத்து வருஷத்துக்குத்தான் செல்லும், 2016 ஜூலையிலிருந்து வாழ்நாள் முழுக்கச் செல்லும் என்று விதியை மாற்றிவிட்டார்கள். என் ஃபைலில் இருக்கிற மற்ற எல்லாக் காகிதத்துக்கும் காலாவதித் தேதி இருக்கிறது. இந்த ஒன்றுக்கு இல்லை. பெட்டியில் முதலில் அதைத்தான் வைத்திருக்கிறேன்.